திரையில் காலி, படுக்கையில் ஆள்: படுக்கை ஒதுக்கீட்டு மென்பொருளில் வரும் பிழைகளும் நீக்கும் வழியும்

படுக்கை ஒதுக்கீட்டில் ஏதோ தப்பு என்று வார்டிலிருந்து போன் வந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம், திரையில் அந்தப் படுக்கையின் நிலையைக் கையால் மாற்றிவிடுவது. அதைச் செய்யாதீர்கள். நிலையை மாற்றிவிட்டால் அந்த நேரத்துக்குப் பிரச்சினை மறைந்துபோகும். ஏன் வந்தது என்பதற்கான தடயமும் அதோடு சேர்ந்து மறைந்துபோகும். அடுத்த வாரம் அதே போன் மறுபடி வரும்.

முதலில் ஒருவர் நேரில் போய்ப் படுக்கையைப் பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் படுக்கை எண், படுத்திருப்பவரின் கைப்பட்டையில் உள்ள அட்மிஷன் எண், திரை காட்டும் நிலை, நிமிடக் கணக்கில் நேரம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் படுக்கையின் வரலாற்றுத் திரையைத் திறந்து கடைசி மூன்று நிகழ்வுகளைப் பாருங்கள். மென்பொருளுக்குப் படுக்கை தெரியாது, அதில் யாரோ பதிந்த நிகழ்வுகள்தான் தெரியும். எனவே கேட்க வேண்டிய கேள்வி “படுக்கை ஏன் தப்பாகத் தெரிகிறது” என்பதல்ல. “எந்த நிகழ்வு பதியப்படவில்லை, அல்லது எது தப்பான நேரத்தில் பதியப்பட்டது” என்பதுதான்.

திரையில் காலி, நேரில் நோயாளி இருக்கிறார்

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. அடுத்த நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். காரணம் தேடும் முன் அந்தப் படுக்கையை ‘மூடப்பட்டது’ என்று தடுத்துவையுங்கள். கையால் நிலையை மாற்றலாம் என்பது இந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

பிறகு நோயாளியின் அட்மிஷன் எண்ணை வைத்துத் தேடுங்கள். அவர் வேறொரு படுக்கையில் இருப்பதாகத் திரை சொன்னால், இடமாற்றம் பதியப்படவில்லை. இரவில் நிலைமை மோசமாகி ஐசியூவுக்கு ஓடும்போது யாரும் கணினி முன் உட்காருவதில்லை, அது நியாயம்தான். டிரான்ஸ்ஃபரை இப்போது பதியுங்கள். ஆனால் ‘நிகழ்ந்த நேரம்’ என்ற கட்டத்தில் நோயாளி உண்மையில் நகர்ந்த நேரத்தைப் போடுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் அந்தக் கட்டத்தில் தற்போதைய நேரத்தைத் தாமாகவே நிரப்பிவிடும். அதை அப்படியே விட்டால் ஐசியூ கட்டணம், நள்ளிரவுக் கணக்கு (நள்ளிரவில் எந்த வார்டில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை) இரண்டும் பிசகும்.

தேடலில் அவர் ‘டிஸ்சார்ஜ் ஆனவர்’ என்று வந்தால் சிக்கல் வேறு. ஒரு டிஸ்சார்ஜ் உண்மையில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள்:

10:40 மருத்துவர் டிஸ்சார்ஜ் ஆர்டர் போடுகிறார்
12:55 டிஸ்சார்ஜ் சம்மரி தயாராகிறது
13:30 பில் முடிகிறது
14:10 நோயாளி வார்டை விட்டுக் கிளம்புகிறார்
14:20 சுத்தம் செய்பவர் வருகிறார்
15:05 படுக்கை தயார்

இந்த ஆறில் எந்த நேரத்தில் படுக்கை காலியாகிறது என்று உங்கள் மென்பொருள் நினைக்கிறது? 10:40 என்று அமைத்திருந்தால், மூன்றரை மணி நேரம் ஒவ்வொரு டிஸ்சார்ஜிலும் திரை பொய் சொல்லும். ஆர்டர் போட்டதும் ‘வெளியேறக் காத்திருப்பு’ என்ற நிலைக்குப் போக வேண்டும். மருத்துவமனை மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் எச்எல்7 தரத்தில் இதற்கென்றே ஏ16 என்ற நிகழ்வு இருக்கிறது. வார்டு நர்ஸ் ‘நோயாளி கிளம்பிவிட்டார்’ என்று அழுத்திய பிறகுதான் ஏ03, அதாவது உண்மையான டிஸ்சார்ஜ், போக வேண்டும்.

ஏற்கெனவே டிஸ்சார்ஜ் ஆனதாகப் பதிந்துவிட்டவரைத் திரும்பக் கொண்டுவர ‘டிஸ்சார்ஜ் ரத்து’ செய்யுங்கள், அது ஏ13. அவசரத்தில் புதிதாக அட்மிஷன் போட்டுவிடாதீர்கள். புது அட்மிஷன் எண் உருவாகும். மருந்து ஆர்டர்கள் பழைய எண்ணிலேயே தொங்கும், காலையில் அனுப்பிய ரத்தப் பரிசோதனையின் முடிவும் அங்கேயே போய் உட்காரும்.

மூன்றாவது காரணம், கண்ணுக்கே தெரியாதது: இடக் குறியீடு பொருந்தாமை. எச்எல்7 செய்தியில் நோயாளியின் வருகை விவரம் வரும் பிவி1 பகுதியின் 3ஆவது புலத்தில் வார்டு, அறை, படுக்கை என்று இடம் வரும். அவசரப் பிரிவின் மென்பொருள் அனுப்புவது:

ஐசியூ^3^1

படுக்கை மென்பொருளின் பட்டியலில் இருப்பது:

ஐசியூ^03^1

ஒரு சுழியம்தான் வித்தியாசம். ஆனால் கணினிக்கு அது இல்லாத படுக்கை. சில மென்பொருள்கள் செய்தியை நிராகரிக்கும். அது நல்லது, நிராகரித்த செய்திகள் சேரும் பிழை வரிசையில் பார்த்துவிடலாம். வேறு சில, செய்தியை ஏற்று நோயாளியைப் பதிந்துகொண்டு இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிடும். அதனால் ‘அட்மிட் ஆனவர், ஆனால் படுக்கை இல்லாதவர்’ என்று ஓர் அறிக்கை எழுதி, தினமும் காலையில் ஓடவிடுங்கள். அதில் வரும் பெயர்கள் பெரும்பாலும் ஒரே வார்டைச் சேர்ந்தவையாக இருக்கும். அந்த வார்டுக்குச் சமீபத்தில் யாரோ புது எண் கொடுத்திருப்பார்கள்.

குறியீட்டு அட்டவணையைத் திருத்திய பின் சிக்கிய செய்திகளை மறுபடி ஓட்டும்போது கவனம். அந்த நோயாளிக்கு அதற்குப் பிறகு வந்த செய்திகள் என்னென்ன என்று முதலில் பாருங்கள். நேற்றைய இடமாற்றச் செய்தியை இன்று ஓட்டினால், இன்று காலை வீட்டுக்குப் போனவரை மறுபடி கொண்டுவந்து படுக்கையில் கிடத்திவிடும்.

திரையில் ஆள் இருக்கிறார், படுக்கையோ காலி

அவசரப்பட்டு விடுவிக்காதீர்கள். நோயாளி அறுவை அரங்கிலோ, ஸ்கேனிலோ, டயாலிசிஸிலோ இருக்கலாம். திரும்பி வர அவருக்கு இடம் வேண்டும். தற்காலிகமாக வெளியே போனதைப் பதிய ஏ09, வந்து சேர்ந்ததைப் பதிய ஏ10 என்று நிகழ்வுகள் உண்டு. உங்கள் மென்பொருள் அவற்றைப் பயன்படுத்தினால் ‘தற்காலிக இடம்’ என்று திரையிலேயே தெரியும். பயன்படுத்தவில்லை என்றால் வார்டுக்குப் போன் போட்டுக் கேட்பது ஒன்றே வழி.

அறுவை முடிந்து நேராக ஐசியூவுக்குப் போகிறவருக்காக வார்டுப் படுக்கையை எவ்வளவு நேரம் பிடித்துவைப்பது என்பது மருத்துவமனை எடுக்க வேண்டிய முடிவு. மென்பொருளிடம் விட்டால், யாரும் கேட்காதவரை அது பிடித்துக்கொண்டே இருக்கும்.

நோயாளி உண்மையிலேயே போய்விட்டார் என்றால், வழக்கமான டிஸ்சார்ஜ் அல்லாத வழியில் போனாரா என்று பாருங்கள்: மரணம், மருத்துவ ஆலோசனைக்கு எதிராக வெளியேறியது, வேறு மருத்துவமனைக்கு அனுப்பியது. பேய்ப் படுக்கைகள் அதிகம் பிறப்பது இந்த மூன்றில்தான். காரணம் எளிது. வழக்கமான டிஸ்சார்ஜுக்கு ஒரு பொத்தான் இருக்கும், இவற்றுக்கு நீளமான படிவம் இருக்கும், அதை முடித்தால்தான் படுக்கை விடுபடும். இறந்தவரின் உறவினர்கள் எதிரே நிற்கும்போது நர்ஸ் அந்தப் படிவத்தை நிரப்ப மாட்டார், நிரப்பவும் கூடாது. ‘படுக்கையிலிருந்து கிளம்பினார்’ என்பதைப் படிவத்திலிருந்து பிரித்துத் தனிப் பொத்தானாக வையுங்கள். காகித வேலை பிறகு நடக்கட்டும்.

பில் முடியாமல் படுக்கை விடுபடாது என்று கட்டிவைத்திருக்கும் அமைப்புகளும் இதே வகைதான். பணம் வரும்வரை கணக்கு திறந்திருக்கட்டும். படுக்கை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒரே படுக்கையில் இருவர்

உடனடியாகச் செய்ய வேண்டியது கணினியில் இல்லை. இருவரின் மருந்து, உணவு, ரத்த மாதிரி லேபிள்களில் எதிலாவது படுக்கை எண் மட்டும் அச்சாகியிருக்கிறதா என்று வார்டு பொறுப்பு நர்ஸிடம் சொல்லிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கைப்பட்டையில் உள்ள பெயரும் எண்ணும்தான் அடையாளம். படுக்கை எண் ஒருபோதும் அடையாளமாகாது.

நேரில் யார் படுத்திருக்கிறாரோ அவரை அங்கேயே வைத்து, மற்றவரின் இடமாற்றத்தை ரத்து செய்யுங்கள், அது ஏ12. தரவுத்தளத்தில் அந்தப் பதிவையே அழிக்காதீர்கள், ரத்து மட்டும் செய்யுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க இரு பதிவுகளின் நேரத்தையும் நொடிவரை பாருங்கள். அட்மிஷன் கவுன்ட்டரில் ஒருவர் 10:02:05க்குக் காலிப் பட்டியலைத் திறக்கிறார். அவசரப் பிரிவில் இன்னொருவர் 10:02:09க்குத் திறக்கிறார். இருவருக்கும் அதே படுக்கை காலி என்று தெரிகிறது. இருவரும் சேமிக்கிறார்கள், இரண்டும் ஏறிவிடுகிறது. ‘காலியா என்று படி, பிறகு எழுது’ என்று நிரலில் எழுதியிருந்தால் இது நடந்தே தீரும்; படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையிலுள்ள அந்தச் சின்ன இடைவெளி போதும். தடுப்பு தரவுத்தளத்திலேயே இருக்க வேண்டும். ‘முடிந்த நேரம்’ வெறுமையாக உள்ள, அதாவது நோயாளி இன்னும் இருக்கும், பதிவுகளில் ஒரு படுக்கை எண் ஒரு முறைதான் வரலாம் என்று தனித்துவக் கட்டுப்பாடு போடுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பயன்படுத்தினால், நேர வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழாதபடி விலக்குக் கட்டுப்பாடும் போடலாம். பின்தேதியிட்ட பதிவுகளில் வரும் மோதலையும் அது பிடித்துவிடும்.

இந்தக் கட்டுப்பாட்டை முன்பே போட்டிருந்தும் யாரோ நீக்கிவிட்டார்கள் என்றால், காரணம் அநேகமாகப் பிரசவ வார்டு. தாயும் குழந்தையும் ஒரே படுக்கை என்பதால் கட்டுப்பாடு இடித்திருக்கும். சரியான வழி, குழந்தையின் தொட்டிலுக்குத் தனி எண் கொடுத்துத் தாயின் படுக்கையோடு இணைப்பது. ஒரு வார்டுக்காக மொத்த மருத்துவமனையின் கதவையும் திறந்துவைக்கத் தேவையில்லை.

இன்னொரு இடி: இரு நோயாளிகள் படுக்கையை மாற்றிக்கொள்வது. முதலாமவரை நகர்த்தினால் ‘அங்கே ஆள் இருக்கிறார்’ என்று மறுக்கும். இரண்டாமவரை நகர்த்தினாலும் அதே கதை. வார்டில் இதற்குப் போலிப் படுக்கை ஒன்றை உருவாக்கிவைத்து, ஒருவரை அங்கே ஒதுக்கிவிட்டு வேலையை முடிப்பார்கள். சில நாளில் அந்தப் போலிப் படுக்கையே மொத்த எண்ணிக்கையில் ஏறிவிடும். மாற்றிக்கொள்வதற்கென்றே ஏ17 இருக்கிறது. உங்கள் மென்பொருளில் அந்த வசதி மறைந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரே நோயாளி இரு படுக்கைகளில்

அட்மிஷன் எண் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்று என்றால், இடமாற்றத்தின் ஒரு பாதி மட்டும் பதிவாகியிருக்கிறது: புது இடத்தில் ஏறினார், பழைய இடத்திலிருந்து இறங்கவில்லை. வெவ்வேறு என்றால் ஒரே ஆளை இருமுறை பதிந்திருக்கிறார்கள். நினைவில்லாமல் வந்தவரைப் ‘பெயர் தெரியாதவர்’ என்று பதிந்து, பிறகு உறவினர் வந்து மறுபடி பதிந்தால் இப்படி ஆகும். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு இரு எண்களையும் இணைக்க வேண்டும். படுக்கைப் பிரிவில் இருப்பவர்கள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. தப்பான இருவரை இணைத்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

‘சுத்தம் தேவை’ என்ற நிலையிலேயே நிற்கிறது

மூன்று நேரங்களை எடுங்கள்: வேலை கோரப்பட்டது, தொடங்கியது, முடிந்தது. எது வெறுமையாக இருக்கிறதோ அங்கேதான் பழுது.

கோரிக்கையே பிறக்கவில்லை என்றால் தூண்டும் விதியைப் பாருங்கள். ‘டிஸ்சார்ஜ் ஆனால் சுத்தம்’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். இடமாற்றம் ஆனாலும் படுக்கை அழுக்குதானே? அந்த விதி விட்டுப்போயிருக்கும். கோரிக்கை இருந்தும் தொடக்கம் இல்லை என்றால் அது யாருடைய போனுக்குப் போனது என்று பாருங்கள். இரவு டியூட்டிக்கான குழுவில் ஒரு பெயரும் இல்லாமல் இருக்கலாம். புது வார்டு எந்தச் சுத்தப் பிரிவிலும் சேர்க்கப்படாமல் இருக்கலாம். தொடக்கம் இருந்து முடிவு இல்லை என்றால், வேலை செய்பவர் கையுறையோடு போனை எடுத்து அழுத்தாமல் போயிருக்கிறார். அறை வாசலில் ஒட்டிய க்யூஆர் குறியீடோ, நர்ஸ் நிலையத்தில் ஒரு பொத்தானோ இதைத் தீர்க்கும்.

இங்கே பலர் கண்டுபிடிக்கும் குறுக்கு வழி, ‘45 நிமிடம் ஆனால் தானாகத் தயார் என்று மாற்று’ என்ற விதி. வேண்டவே வேண்டாம். தொற்று நோயாளி இருந்த தனிமை அறை, யாரும் உள்ளே நுழையாமலேயே ‘தயார்’ ஆகிவிடும். நேரம் தாண்டினால் மேற்பார்வையாளருக்கு எச்சரிக்கை போகட்டும், நிலை மாறக் கூடாது. எச்எல்7 படுக்கை நிலைப் பட்டியலிலேயே சாதாரணச் சுத்தம், மாசுபட்டது, தனிமை என்று மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கிறது. எல்லாவற்றையும் ‘அழுக்கு’ என்ற ஒரே நிறத்தில் காட்டும் திரையால்தான் பாதி குழப்பம்.

பெரிய திரை நகரவில்லை, பழைய நிலையையே காட்டுகிறது

பதிவுத் திரையையும் சுவர்த் திரையையும் ஒரே நேரத்தில் பாருங்கள். பதிவுத் திரை சரி, சுவர்த் திரை மட்டும் தப்பு என்றால், சுவர்த் திரையின் உள்நுழைவு காலாவதியாகிப் பழைய படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் சரியாகும். நிரந்தரத் தீர்வு, ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம்’ திரையில் பெரிதாகத் தெரிவதும், 2 நிமிடம் தாண்டினால் அது சிவப்பாவதும்.

இரண்டுமே பின்தங்கியிருந்தால், மென்பொருள்களுக்கு இடையே செய்திகள் காத்து நிற்கும் இடைமுக வரிசையைப் பாருங்கள். செய்திகள் வந்த வரிசையிலேயே போக வேண்டும் என்பதால், முன்னால் நிற்கும் ஒரு கெட்ட செய்தி பின்னால் உள்ள அத்தனையையும் மறித்துவிடும். பெறும் பக்கம் ‘பிழை’ என்று பதில் சொல்லும், அனுப்பும் பக்கம் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். செய்திப் பதிவேட்டில் எம்எஸ்ஹெச்-10இல், அதாவது செய்தியின் அடையாள எண் வரும் புலத்தில், ஒரே எண் நூறு தடவை வந்தால் அதுதான் குற்றவாளி. அந்த ஒன்றை மட்டும் பிழை வரிசைக்கு நகர்த்துங்கள். வரிசை மொத்தத்தையும் காலி செய்துவிட்டுச் சர்வரை மறுபடி தொடங்கினால் திரை உடனே நகரும். ஆனால் இடையில் தொலைந்த அட்மிஷன்களையும் டிஸ்சார்ஜ்களையும் ஒரு வாரம் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும்.

நள்ளிரவுக் கணக்கு வார்டு எண்ணிக்கையோடு பொருந்தவில்லை

மருத்துவமனை மொத்தத்தை வைத்துத் தேடாதீர்கள், வார்டு வார்டாகப் போங்கள். நேற்றைய எண்ணிக்கையோடு அட்மிஷனையும் உள்ளே வந்த இடமாற்றத்தையும் கூட்டி, டிஸ்சார்ஜையும் வெளியே போன இடமாற்றத்தையும் கழியுங்கள். நேற்று 28, அட்மிஷன் 6, உள்ளே 3, டிஸ்சார்ஜ் 5, வெளியே 2 என்றால் 30 வர வேண்டும். திரை 31 என்றால் ஒரு பெயர் அதிகம். வார்டுப் பதிவேட்டோடு பெயர்களை ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் சிக்கிவிடும். எல்லா வார்டுகளின் ‘உள்ளே’ மொத்தமும் ‘வெளியே’ மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஓர் இடமாற்றம் ஒற்றைக் காலில் நிற்கிறது.

பெயர்கள் எல்லாம் சரி, எண் மட்டும் தப்பு என்றால் நேரத்தைச் சந்தேகியுங்கள். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடி, அறிக்கை உள்ளூர் நேரம் என்று நினைத்தால் ‘நள்ளிரவு’ வேறெங்கோ விழும். 23:50க்கு நடந்த டிஸ்சார்ஜை 00:20க்குப் பதிந்தாலும் அப்படித்தான். அதனால் கணக்கை 00:05க்கு ஒரு முறை ஓட்டி, காலையில் நிகழ்ந்த நேரத்தின்படி மறுபடி ஓட்டி, அதன் பிறகு பூட்டுங்கள்.

நிரம்பிய விகிதம் 100ஐத் தாண்டுகிறது

விகிதத்தில் மேல் எண் படுத்திருப்பவர்கள், கீழ் எண் மொத்தப் படுக்கைகள். கீழ் எண்ணைப் பாருங்கள். நடைவழியில் போட்ட கூடுதல் கட்டில்களில் படுத்திருப்பவர்கள் மேல் எண்ணில் ஏறுகிறார்கள், அந்தக் கட்டில்கள் கீழ் எண்ணில் இல்லை. அப்படியானால் 104% என்பது பிழையல்ல, உண்மை நிலவரம். அதை 100க்குள் அடக்கிக் காட்டச் சொல்லி மேலிருந்து கேட்டாலும் அடக்காதீர்கள். பகல்நேரச் சிகிச்சைக்கு வந்து மாலையே போகிறவர்களை வார்டுப் படுக்கையில் பதிந்திருந்தால்தான் அது பிழை. அவர்களுக்குத் தனி இடக் குறியீடு கொடுங்கள். 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கணினி உருவகப்படுத்தல், சராசரி 85 சதவீதத்தைத் தாண்டினாலே அபாயம் தலைகாட்டும், 90க்கு மேல் படுக்கை நெருக்கடி வாடிக்கையாகிவிடும் என்று காட்டியது. எச்சரிக்கை விளக்கை 100இல் எரியவைத்துப் பயனில்லை.

காலி இருந்தும் ‘பொருத்தமான படுக்கை இல்லை’ என்கிறது

வடிகட்டிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்: ஆண் பெண் அறை, தனிமை, ஆக்சிஜன் இணைப்பு, மானிட்டர், அந்த நேரத்துக்கு நர்ஸ் இருக்கும் படுக்கை. எதை நீக்கியதும் பட்டியல் நிரம்புகிறதோ அந்தப் புலத்தில் தரவு தப்பு. அடிக்கடி சிக்குவது அறையின் பாலினம். நான்கு படுக்கை அறையில் கடைசி ஆண் நோயாளி போன பிறகும் அறை ‘ஆண்’ என்றே ஒட்டிக்கொண்டிருக்கும். அறை முழுக்கக் காலியானதும் அந்தப் புலம் வெறுமையாக வேண்டும் என்று விதி சேருங்கள். தனிமைக் குறியும் அதுபோலத்தான். அது நோயாளியோடு போக வேண்டியது, படுக்கையில் தங்கிவிடக் கூடாது.

முன்பதிவுகளையும் இங்கேயே பாருங்கள். தள்ளிப்போன அறுவைக்காகப் பிடித்த படுக்கைகள் வாரக்கணக்கில் நிற்கும். முன்பதிவுக்குக் காலாவதி நேரம் கட்டாயம்.

சர்வர் நின்று திரும்பிய பிறகு எல்லாமே தாறுமாறு

நிற்கும் முன்னரே செய்துவைக்க வேண்டியது ஒன்று: 15 நிமிடத்துக்கு ஒரு முறை வார்டு வாரியான பட்டியல், வலையமைப்பு இல்லாமலும் திறக்கும்படி ஒவ்வொரு வார்டிலும் ஒரு கணினியில் இறங்க வேண்டும். அது இருந்தால் காகிதத்தில் தொடரலாம்.

திரும்பி வந்ததும் முதலில் படுக்கைப் பரிந்துரையையும் தானியங்கிச் சுத்தக் கோரிக்கையையும் நிறுத்திவையுங்கள். நிறுத்தாவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு முன் நடந்த டிஸ்சார்ஜைப் பதியும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே இன்னொருவர் படுத்திருக்கும் படுக்கையைச் சுத்தம் செய்யச் சொல்லி யாரோ ஒருவரின் போன் அலறும். பதிவுகளை நிகழ்ந்த நேர வரிசையில் ஏற்றுங்கள். அதற்கு ஆளில்லை என்றால் டிஸ்சார்ஜ், இடமாற்றம், அட்மிஷன் என்ற வரிசையில் போங்கள். படுக்கைகள் விடுபட்டால்தான் அடுத்தது ஏறும். எந்த வரிசையில் ஏற்றினாலும் நிகழ்ந்த நேரம் காகிதத்தில் உள்ளதாகவே இருக்கட்டும்.

ஏற்றி முடித்ததும் பட்டியலை அச்செடுத்து, ஒரு நர்ஸும் ஒரு பதிவாளரும் சேர்ந்து படுக்கை படுக்கையாக நடந்து கைப்பட்டையைப் பார்த்து டிக் போட வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட வார்டுக்கு மட்டும் பரிந்துரையைத் திரும்ப இயக்குங்கள்.